கத்தானும் குத்னும்: ஒரு செடியின் பெயரில் அடங்கிய வரலாறு

ஸஹீஹுல் புகாரியின் 'அல்இஃதிஸாம்' பகுதியில் தாபிஈன்களில் சிறந்தவரான முஹம்மது இப்னு ஸீரீன் (ரஹ்) அறிவிக்கும் செய்தி ஒன்று இடம்பெற்றுள்ளது. ஒருநாள் அவர்கள் அபூஹுரைரா (ரலி) அவர்களுடன் இருந்தபோது, செங்காவி ஏற்றிய இரண்டு கத்தான் ஆடைகளை அபூஹுரைரா (ரலி) அணிந்திருந்தார்கள். அந்த ஆடையிலேயே மூக்கைச் சிந்திய அவர்கள், கத்தானில் மூக்குச் சிந்தும் நிலைக்குத் தாம் உயர்ந்துவிட்டதை எண்ணித் தம்மையே எள்ளி வியந்தார்கள். பின்னர், மிம்பருக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்கும் இடையில் தாம் மயங்கி விழுந்து கிடந்த நாள்களை நினைவு கூர்ந்தார்கள். பைத்தியம் பிடித்தவர் என்றெண்ணி, வழிப்போக்கர் தம் கழுத்தின்மீது கால் வைத்ததையும், தமக்கிருந்தது பைத்தியமன்று, பசி ஒன்றுதான் என்பதையும் எடுத்துரைத்தார்கள்.

வறுமையின் கடுமையையும் பின்னர் வந்த வாழ்வின் வளத்தையும் ஒரே மூச்சில் காட்டும் இச்செய்தியின் முழுப் பொருளும் 'கத்தான்' என்ற ஒரு சொல்லில் தங்கியிருக்கிறது. அரபுக் கல்லூரி வகுப்புகளில் இந்த ஹதீஸை ஓதும்போது, இச்சொல்லை மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகப் பெயர்ப்பர். சிலர் 'பருத்தி' என்பர். வேறு சிலர் 'சணல்' என்பர். பருத்தி என்றால் செய்தியின் கூர்மை மழுங்கிப்போகிறது. அண்ணலார் (ஸல்) அவர்கள் பருத்தியாலான மூன்று வெண்ணிற ஸஹூலித் துணிகளில் கஃபனிடப்பட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் 'குர்ஸுஃப்' என்ற வேறு சொல்லே வந்துள்ளது. சணல் என்றாலோ பொருள் தலைகீழாகிவிடுகிறது. இன்றைய தமிழ் வாசகருக்குச் சணல் என்றதும் நினைவுக்கு வருவது சாக்கு. சாக்குத் துணியில் மூக்குச் சிந்துவது செல்வத்தின் அடையாளமாக எப்படி இருக்க முடியும்? வளத்தைச் சொல்ல வந்த செய்தி துறவைச் சொல்லும் செய்தியாக மாறிவிடும்.

ஒரு செடியின் பெயரைப் பிழையாகச் சொன்னால் ஒரு ஹதீஸின் பொருள் திரிகிறது. அதே செடியின் பெயரைப் பிழையாகப் புரிந்துகொண்டதால் ஒரு நாகரிகத்தின் வரலாறே பல நூற்றாண்டுகள் திரிந்து வழங்கியது என்பதை நம்மில் பலர் அறியார். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கத்தான் எது?

அரபியில் 'குத்ன்' என்பது பருத்தி. 'கத்தான்' என்பது ஆளிச்செடியும் அதன் நாரில் நெய்த துணியும். இரண்டும் எழுத்தாலும் வேறு, வேராலும் வேறு. ஒன்றின் முதலெழுத்து 'காஃப்' (ق), மற்றதன் முதலெழுத்து 'காஃப்' (ك) என்று தமிழில் எழுதும்போதே இரண்டும் ஒன்றாகத் தோன்றிவிடுவதுதான் நமக்குள்ள முதல் இடர்ப்பாடு. ஆங்கிலத்தின் 'காட்டன்', ஸ்பானிய மொழியின் 'அல்கோதோன்' ஆகியவை குத்னிலிருந்து பிறந்தவை. கத்தான் அதனினும் பழமையானது. பண்டைய அக்காத் மொழியில் இத்துணிக்கு வழங்கிய 'கித்து' என்ற சொல்லோடு உறவுடையது. பருத்தி விதையைச் சூழ்ந்த பஞ்சிலிருந்து வருகிறது. கத்தானோ செடியின் தண்டிலிருந்து உரித்தெடுக்கப்படும் நாரிலிருந்து வருகிறது. ஆளிச்செடியை வேரோடு பிடுங்கி, காயவைத்து, நீரில் ஊறப்போட்டு, தண்டின் கட்டையை நொறுக்கி உதிர்த்து, சீப்புப் போன்ற கருவியால் வாரிய பின்னரே நெய்வதற்குரிய இழை கிடைக்கும்.

தமிழில் இச்செடிக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆளி, அலிசி என்ற பெயர்கள் வழங்குகின்றன. வடமொழியில் அதஸீ, உமா என்பர். ஆனால் நம் நாட்டில் ஆளி பெரும்பாலும் விதைக்காகவே பயிரிடப்பட்டது. நாட்டு மருந்துக் கடையில் ஆளிவிதையை வாங்கும் ஒருவருக்கு, அதன் தண்டில் அரசர்கள் உடுத்திய துணி மறைந்திருந்தது என்ற எண்ணம் எழ வாய்ப்பில்லை. எகிப்திய ஆளியின் தமிழ்ப்பெயர் தேடிய பழைய விவிலிய மொழிபெயர்ப்பாளர்களும் நம் மக்கள் அறிந்த நார்ச்செடியான சணலையே எடுத்தாண்டனர். விதையைக் கண்ட நாடு நாரைக் காணாததால், சொல் இருந்தும் பொருள் பாதி மறைந்துபோயிற்று.

ஆளிக் குடும்பம் பெரியது. அந்தப் பேரினத்தில் ஏறத்தாழ இருநூறு வகைகள் உள்ளதாகத் தாவரவியலார் கணக்கிடுவர். பயிராகும் ஆளி நீலப் பூ பூக்கும். அதன் மூதாதையும் வெளிர்நீலப் பூவுடைய காட்டுச் செடியே. டமாஸ்கஸுக்கு அருகே தல் ரமாத் என்னுமிடத்தில் கிடைத்த ஆளிவிதைகள், ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு இப்பயிர் பழக்கத்துக்கு வந்துவிட்டதைக் காட்டுகின்றன.

இதன் உறவினமான மஞ்சள் பூ ஆளிகள் வேறு கிளையைச் சேர்ந்தவை. நடுநிலக் கடலைச் சூழ்ந்த அந்தலூஸ், மக்ரிப், ஷாம் நாடுகளின் வறண்ட புதர்க்காடுகளில் இவை தாமாக முளைத்துச் சிறு மஞ்சள் பூக்களைப் பூக்கின்றன. அவற்றுள் விறைத்து நிமிர்ந்த தண்டுடைய ஒருவகை, நடுநிலக் கடற்கரையிலிருந்து கிழக்கே நம் துணைக்கண்டத்தின் வடமேற்கு வரை பரவியுள்ளது. தென்னிந்தியாவுக்கும் சொந்தமாக ஒரு மஞ்சள் ஆளி உண்டு. மலைப்புல்வெளிகளில் வளரும் ஓராண்டுச் செடியான அதற்குத் தாவரவியலில் மைசூரின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த பெஞ்சமின் ஹெய்ன் (1770-1819) இட்ட பெயர் அது. பின்னர் பெந்தம் என்ற ஆங்கிலத் தாவரவியலாரால் நிலைபெற்றது.

நெய்வதற்கு உதவாத இம்மஞ்சள் ஆளிகளை மக்கள் பொருட்படுத்துவது அரிது. ஆயினும் ஒரு செடியை அதன் உறவினங்களிலிருந்து பிரித்தறிந்தால்தான் பெயர் உறுதிப்படும். அந்த அறிவு எப்படி வளர்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம். அதற்குமுன், நீலப் பூ ஆளி முஸ்லிம் உலகில் வகித்த இடத்தை நோக்குவோம்.

நைல் கரையின் வெண்துகில்

ஆளிக்கு ஏற்ற மண் எகிப்தின் நைல் கரை. ஃபிர்அவ்னின் காலத்திலிருந்தே அங்கு இத்துணி நெய்யப்பட்டது. எகிப்தின் கிப்திய மக்கள் நெய்த மெல்லிய வெண்துணியை அரபிகள் 'குப்திய்யா' என்றும், பன்மையில் 'கபாத்தீ' என்றும் அழைத்தனர். திஹ்யத்துல் கல்பீ (ரலி) அன்பளிப்பாக அளித்த குப்திய்யாத் துணியை அண்ணலார் (ஸல்) உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களுக்கு அணியக் கொடுத்தார்கள். அதை உஸாமா தம் மனைவிக்குக் கொடுத்துவிட்டதை அறிந்தபோது, உடலின் அமைப்பைக் காட்டிவிடும் என்பதால் அதனடியில் ஓர் உள்ளாடை அணியச் சொல்லுமாறு பணித்தார்கள் என்று முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம். கத்தானின் மென்மையை அறிந்தால்தான் இந்த அறிவுரையின் நுட்பம் விளங்கும். சணல் என்று கொண்டால் விளங்காது.

எகிப்து இஸ்லாமிய ஆட்சிக்குள் வந்தபின், உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் காலத்தில் கஅபாவுக்குக் கபாத்தீ போர்த்தப்பட்டது. அப்பாஸிய கலீஃபா மஹ்தீயின் ஆணைப்படி தின்னீஸ் நெசவுக்கூடத்தில் நெய்யப்பட்டு, எழுத்துகள் பொறிக்கப்பட்ட கிஸ்வா ஒன்றை மக்காவின் வரலாற்றாசிரியர் அல்ஃபாகிஹீ குறிப்பிட்டுள்ளார்.

தின்னீஸ் என்பது நைல் கழிமுகத்தில், மன்ஸலா ஏரிக்குள் இருந்த ஒரு தீவு நகரம். குடிநீருக்கே மழையையும் நைல் வெள்ளத்தையும் நம்பியிருந்த அந்த ஊர் ஆளி நெசவால் உலகப் புகழ் பெற்றது. ஹிஜ்ரீ 439 (கி.பி. 1047) இல் அங்குச் சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரூ, ஐம்பதாயிரம் மக்களும் பத்தாயிரம் கடைகளும் அங்கிருந்ததாக எழுதியுள்ளார். 'கஸப்' என்னும் வண்ணத்துணியும், பகலின் ஒவ்வொரு வேளையிலும் வேறு நிறம் காட்டும் 'பூகலமூன்' துணியும் அங்கு நெய்யப்பட்டன என்பது அவர் கூற்று. அண்டை ஊர்களான தபீக், ஷத்தா, திம்யாத் ஆகியவையும் தத்தம் துணிகளால் பெயர் பெற்றன.

அக்கால எகிப்தின் வணிகத்தில் ஆளி எத்தகைய இடம் பெற்றிருந்தது என்பதை ஃபுஸ்தாத் நகரின் யூதக் கோயிலொன்றின் ஆவண அறை காட்டுகிறது. 'கெனிஸா' எனப்படும் அவ்வறையிலிருந்த பல்லாயிரம் ஏடுகளை ஆராய்ந்த எஸ். டி. கோய்த்தைன், பதினோராம் நூற்றாண்டில் எகிப்தின் ஏற்றுமதியில் ஆளிநாரே முதன்மையானது என்று நிறுவினார். துனீஸியாவுக்கும் ஸிஸிலிக்கும் மூட்டை மூட்டையாக அது சென்றது. ஆளியின் தரங்களுக்கே இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் வணிகரிடையே வழங்கின.

சிலுவைப் போர்களின்போது கடல்வழித் தாக்குதலுக்கு ஆளான தின்னீஸை, பகைவர் கைக்குச் சிக்கக் கூடாதென அய்யூபிய சுல்தான் அல்மலிக் அல்காமில் கி.பி. 1227 இல் இடித்துத் தரைமட்டமாக்கினார். இந்த சுல்தானின் பெயர் வேறொரு காரணத்தால் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

கந்தலிலிருந்து காகிதம்

துணியாக உழைத்துக் கிழிந்தபின் கத்தானின் இரண்டாவது வாழ்வு தொடங்கியது. அதுவே நம் அறிவுலகுக்கு அது புரிந்த பெருந்தொண்டு.

காகிதம் செய்யும் கலை சீனாவில் பிறந்தது. மல்பெரி போன்ற மரப்பட்டைகளும் நார்ச்செடிகளும் அங்கு அதற்கு மூலப்பொருள்கள். கி.பி. 751 இல் நிகழ்ந்த தலாஸ் போரில் சிறைப்பட்ட சீனர்கள் வழியாக அக்கலை ஸமர்கந்துக்கு வந்தது என்பது பழைய நூல்கள் தரும் செய்தி. அதற்கு முன்பே நடு ஆசியாவில் காகிதம் புழங்கியது என்று இன்றைய ஆய்வாளர் கருதுவர். எவ்வாறாயினும், ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில், கி.பி. 794-95 வாக்கில், பக்தாதில் காகிதப் பட்டறை அமைந்தது என்பது பெருவழக்கு. அமைச்சர் ஃபள்ல் இப்னு யஹ்யாவின் ஊக்கமே அதற்குக் காரணம் என்று இப்னு கல்தூன் எழுதுகிறார்.

முஸ்லிம் நாடுகளில் மல்பெரிப் பட்டை எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்தவை ஆளிநாரும், ஆளித்துணியின் கந்தலும், கயிற்றுச் சணலின் எச்சங்களும். அவற்றைக் கொண்டே காகிதம் செய்யும் நுட்பத்தை முஸ்லிம் கைவினைஞர் வளர்த்தெடுத்தனர். வட ஆப்பிரிக்காவின் ஸீரீ மரபு அரசர் அல்முஇஸ்ஸு இப்னு பாதீஸின் (1007-1061) பெயரால் வழங்கும் 'உம்ததுல் குத்தாப்' என்ற நூல் இம்முறையை விவரிக்கிறது. நல்ல வெண்ணிற ஆளிநாரை எடுத்து, தக்கைகளை நீக்கி, சீப்பால் வாரி மென்மையாக்க வேண்டும். சுண்ணாம்பு நீரில் ஓரிரவு ஊறவைத்து, கையால் பிசைந்து, பகல் முழுதும் வெயிலில் உலர்த்த வேண்டும். இதனைப் பல நாள் திரும்பத் திரும்பச் செய்தபின், கத்தரியால் நறுக்கி, தூய நீரில் மாற்றி மாற்றி ஊறவைத்து, உரலில் இட்டு நன்கு இடிக்க வேண்டும். அந்தக் கூழை நீரில் கரைத்துச் சல்லடை அச்சில் அள்ளி எடுத்தால் தாள் உருவாகும். பிறகு மாவுப்பசை பூசி, மெருகிட்டால் எழுதுவதற்கு ஆயத்தமாகும்.

ஆளிக்கந்தலுக்கு இருந்த தேவை எத்தகையது என்பதற்கு அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ (1162-1231) ஒரு சான்று தருகிறார். கி.பி. 1200 வாக்கில் எகிப்தில் தங்கியிருந்த அம்மருத்துவ அறிஞர், நாட்டுப்புற அரபிகள் பழங்காலக் கல்லறைகளைத் தோண்டி, பிணங்களின்மீது சுற்றியிருந்த துணிகளை எடுத்ததைக் குறிப்பிடுகிறார். உறுதியாக இருந்தவற்றை ஆடையாக்கிக்கொண்டனர். நைந்தவற்றைக் காகிதக்காரர்களுக்கு விற்றனர். அவ்வாறு செய்த தாள் மளிகைக்கடைகளில் பொட்டலம் கட்டப் பயன்பட்டதாம். ஃபிர்அவ்னின் காலத்துத் துணி கடைக்காரரின் பொட்டலத் தாளாக மாறியது, காலத்தின் சுழற்சிக்கு நல்ல எடுத்துக்காட்டு.

தோலும் பாப்பிரஸும் விலையுயர்ந்தவையாக இருந்த உலகில், கந்தலிலிருந்து பிறந்த தாள் நூல்களைப் பெருக்கியது. 'வர்ராக்' எனப்பட்ட நூல் படியெடுப்போரின் கடைத்தெருக்கள் நகரந்தோறும் எழுந்தன. ஹதீஸ் தொகுப்புகளும், ஃபிக்ஹு நூல்களும், மருத்துவமும் கணிதமும் இத்தாளின் மீதே பயணம் செய்தன. அந்தலூஸின் ஷாதிபா நகரில் செய்யப்பட்ட காகிதத்துக்கு நிகர் வேறெங்கும் இல்லை என்றும், அது கிழக்கிலும் மேற்கிலும் விலைபோனது என்றும் பன்னிரண்டாம் நூற்றாண்டின் நிலவியலார் அல்இத்ரீஸீ பாராட்டினார்.

1887: உருப்பெருக்கி தந்த தீர்ப்பு

இவ்வளவு தெளிவான சான்றுகள் அரபி நூல்களில் இருந்தும், ஐரோப்பிய அறிஞர் உலகம் நெடுங்காலம் வேறொன்றை நம்பியது. அரபிகள் செய்த காகிதம் பருத்தியாலானது. துணிக்கந்தலிலிருந்து காகிதம் செய்தது ஐரோப்பியரின் கண்டுபிடிப்பு என்பதே அந்த நம்பிக்கை. இடைக்காலத்தில் கிழக்கு நாட்டுத் தாளை 'பொம்பிசினா' என்ற பெயரால் அழைத்தனர். அது பட்டையும் பருத்தியையும் குறிக்கும் சொல்லைப் போன்று ஒலித்ததால், தாளும் பருத்தித்தாளாகக் கொள்ளப்பட்டது. ஷாம் நாட்டின் மன்பிஜ் நகரை கிரேக்கர் 'பம்பிகே' என்றழைத்தனர் என்பதையும், அந்த ஊரின் பெயரே திரிந்து தாளுக்கு ஆகியிருக்கக்கூடும் என்பதையும் எடுத்துக்காட்டியவர் வியன்னாவின் அரபி ஆவண அறிஞர் யோசப் கராபசெக்.

அவருடைய நகரத்தில் அப்போது ஒரு நல்வாய்ப்பு அமைந்திருந்தது. எகிப்தின் ஃபய்யூம், உஷ்மூனைன் பகுதிகளில் கிடைத்த ஆயிரக்கணக்கான பழந்தாள்கள் இளவரசர் ரைனரின் தொகுப்பாக வியன்னாவை அடைந்திருந்தன. கராபசெக் அரபி நூல்களின் துணையோடும், தாவரவியலார் யூலியஸ் வீஸ்னர் உருப்பெருக்கியின் துணையோடும் அவற்றை ஆராய்ந்தனர். 1887 இல் இருவரும் வெளியிட்ட முடிவுகள் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின: தாள்களில் இருந்தவை பெரும்பாலும் ஆளிநார்க் கந்தலின் இழைகளே. பருத்தி அரிதாகவே காணப்பட்டது. பருத்தித்தாள் என்ற கதை அத்துடன் முடிவுக்கு வந்தது.

இழை வேறு, பெயர் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தவறியதால், துணிக்கந்தலைத் தாளாக்கிய முஸ்லிம் கைவினைஞரின் உழைப்பு பல நூற்றாண்டுகள் பிறர் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. பெயர்ப்பிழை வெறும் அகராதிச் சிக்கல் அன்று. உரியவருக்கு உரியதை மறுக்கும் அநீதியாகவும் அது முடியக்கூடும்.

அறியாப் பெயரை விட்டுவைத்தவர்கள்

பெயர்களைப் பேணுவதில் நம் முன்னோர் காட்டிய கவனம் இங்கு நினைவுகூரத்தக்கது. கிரேக்க மருத்துவர் தியோஸ்குரிதூஸின் மூலிகை நூலை அப்பாஸிய கலீஃபா முதவக்கிலின் காலத்தில் இஸ்திஃபான் இப்னு பஸீல் அரபியில் பெயர்த்தார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதனைச் சரிபார்த்தார். தாம் அறிந்த செடிகளுக்கு அரபிப் பெயரிட்ட இஸ்திஃபான், அறியாத செடிகளுக்குப் பெயரை ஊகித்து எழுதவில்லை. கிரேக்கப் பெயரையே அப்படியே விட்டுவைத்தார். தமக்குப் பின் அறிந்தவர் ஒருவரை அல்லாஹ் அனுப்புவான் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம் என்று குர்துபாவின் மருத்துவர் இப்னு ஜுல்ஜுல் எழுதியுள்ளார்.

அந்த நம்பிக்கை நூறாண்டுகளுக்குப் பின் நிறைவேறியது. கி.பி. 948 வாக்கில் பைஸாந்திய அரசர், படங்கள் வரையப்பட்ட கிரேக்க மூலப் படியொன்றைக் குர்துபாவின் மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அதனைப் படித்துச் சொல்ல 951 இல் நிக்கோலா என்ற துறவி வந்து சேர்ந்தார். முஸ்லிம், யூத, கிறித்தவ அறிஞர்கள் ஒன்றுகூடி, விடுபட்ட செடிகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டனர். விட்டுவைக்கப்பட்ட வெற்றிடங்கள் இருந்ததால்தான் அவற்றை நிரப்ப முடிந்தது. ஊகப் பெயர்கள் அங்கு எழுதப்பட்டிருந்தால், எது பிழை என்று தேடுவதற்கே ஒரு தலைமுறை வேண்டியிருந்திருக்கும்.

இம்மரபின் மணிமுடியாக விளங்கியவர் மாலகா நகரில் பிறந்த இப்னுல் பைதார் (இறப்பு 1248). மஞ்சள் ஆளிகள் பூக்கும் அந்தலூஸின் புதர்க்காடுகளிலும் குன்றுகளிலும் அவர் செடி தேடக் கற்றார். இஷ்பீலியாவின் அபுல் அப்பாஸ் அந்நபாதீ அவருடைய ஆசிரியர். பின்னர் வட ஆப்பிரிக்கா வழியாகக் கிழக்கே பயணம் செய்து, எகிப்தில் மூலிகையாளர்களின் தலைவராக அமர்த்தப்பட்டார். அமர்த்தியவர், தின்னீஸை இடித்த அதே சுல்தான் அல்காமில். ஒரே அரசரின் காலம் ஆளி நெசவின் தலைநகரை இழந்தது. ஆளி உள்ளிட்ட செடிகளின் தலைசிறந்த ஆசிரியரைப் பெற்றது.

இப்னுல் பைதாரின் 'அல்ஜாமிஃ' ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களை அகரவரிசையில் விளக்குகிறது. ஒரு செடிக்குக் கிரேக்கத்திலும், பர்பரிலும், அந்தலூஸ் மக்களின் லத்தீன் பேச்சிலும் வழங்கிய பெயர்களை அவர் பல இடங்களில் சேர்த்தே தருகிறார். அவருடைய மாணவர் இப்னு அபீ உஸைபிஆ, டமாஸ்கஸின் சுற்றுப்புறங்களில் ஆசிரியருடன் செடி தேடிச் சென்ற அனுபவத்தைப் பதிவு செய்துள்ளார். ஆசிரியர் முதலில் செடியைக் காட்டுவார். பிறகு அதன் கிரேக்கப் பெயரையும் தன்மைகளையும் சொல்வார். முன்னோர் நூலில் அது எத்தனையாவது இயலில், எத்தனையாவது இடத்தில் உள்ளது என்பதையும் நினைவிலிருந்தே கூறுவார். பெயரைச் செடியின் முன் நிறுத்திச் சோதிக்கும் இம்முறைதான் அறிவியலின் முறை. ஆதம் (அலை) அவர்களுக்குப் பெயர்கள் அனைத்தையும் இறைவன் கற்பித்ததாக அல்பகரா அத்தியாயம் கூறுவதை ஓதும் சமுதாயத்தில் இத்தகைய கவனம் வளர்ந்தது வியப்புக்குரியதன்று.

நம் கரையிலும் நம் கரிசலிலும்

கத்தானின் கதை நம் மண்ணையும் தொட்டுச் சென்றுள்ளது. துனீஸியாவின் மஹ்தியா நகரைச் சேர்ந்த ஆப்ரஹாம் பென் யீஜூ என்ற யூத வணிகர் கி.பி. 1132 முதல் 1149 வரை மங்களூரை மையமாகக் கொண்டு வாழ்ந்தார். ஏதனிலிருந்து அவருடைய நண்பர்கள் அனுப்பிய பொருள்களின் பட்டியலில் காகிதமும் இடம்பெறுகிறது. பனையோலையில் எழுதிய நம் கடற்கரையில் காகிதம் அப்போது கிடைக்கவில்லை. அரபிக் கடலைக் கடந்து வந்த அத்தாளே அவருடைய கணக்குகளையும் கடிதங்களையும் தாங்கியது. அவற்றுள் சில ஃபுஸ்தாத் கெனிஸாவை அடைந்து இன்றளவும் எஞ்சியுள்ளன. தமிழின் 'காகிதம்' என்ற சொல்லே அரபி-பாரசீக உலகின் 'காகத்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்து வந்தது ஆளியின் எண்ணெய். காற்றுப்பட்டால் உலர்ந்து இறுகும் இயல்புடைய ஆளியெண்ணெயைக் காய்ச்சி, விளக்குக்கரியுடன் குழைத்ததே பழைய அச்சுமை. 1790களில் ஜெர்மனியின் செனஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சு முறை, கையெழுத்தின் வடிவத்தை அப்படியே அச்சிட உதவியதால் அரபு எழுத்துக்கு மிகவும் பொருந்தியது. கூடுதல் குறிகள் தேவைப்பட்ட அரபுத்தமிழ் நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருமளவில் கல்லச்சில் வெளிவந்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் சாகிபு (1816-1898) போன்றோரின் மார்க்க நூல்களைப் பெண்களும் சிறுவரும் வீடுகளில் ஓதிய காலம் அது. கந்தல் தாளும் ஆளியெண்ணெய் மையும் சேர்ந்தே நம் பாட்டிமாரின் கைகளுக்கு ஃபிக்ஹைக் கொண்டுசேர்த்தன.

கீழக்கரை இருந்த அதே பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் மேற்குக் கோடியில்தான், 1985 இல் தனி மாவட்டமாகும் வரை, இன்றைய விருதுநகர், சிவகாசிப் பகுதிகளும் இருந்தன. சிவகாசியில் 1923 இல் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், தன் ஒட்டுத்தாள்களுக்காக அச்சுத்தொழிலையும் கூடவே வளர்த்தது. பின்னர் பட்டாசும் நாள்காட்டியும் இவ்வட்டாரத்தின் முகவரியாயின. மேற்கே மலைத்தொடரைப் பார்த்தபடி, பட்டாசுத் தொழிற்கூடங்கள் சூழ்ந்த எம். புதுப்பட்டி போன்ற ஊர்களில் அன்றாடம் புழங்கும் பொருள்களை எடுத்துக்கொள்வோம். வெடியின் குழாய் காகிதம். அதன்மேல் ஒட்டும் வண்ணத்தாளின் மை, ஆளியெண்ணெயை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்த மையின் வழித்தோன்றல். பூவாணத்தில் பொறியாகச் சிதறும் இரும்புத்தூள் வெடியுப்போடு சேர்ந்து துருப்பிடிக்காதிருக்க அதற்கு ஆளியெண்ணெய் பூசுவது வாணக் கலையின் பழைய முறைகளில் ஒன்று. குழந்தைகள் கையில் எரியும் 'மத்தாப்பு' என்ற சொல்லோ, நிலவொளியைக் குறிக்கும் பாரசீக 'மஹ்தாப்' என்பதன் திரிபு.

வெடியுப்பின் பெயருக்கும் இப்னுல் பைதாரிடமே செல்ல வேண்டியுள்ளது. மேற்கு நாட்டார் 'பாரூத்' என்பதை எகிப்தின் பழைய மருத்துவர்கள் 'சீனப் பனி' என்று அழைத்ததாக அவர் எழுதியுள்ளார். அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குள், ஷாமின் ஹஸன் அர்ரம்மாஹ் (இறப்பு 1295) வெடியுப்பைச் சாம்பல் நீரால் தூய்மையாக்கும் முறையையும், நூற்றுக்கும் மேற்பட்ட வெடிமருந்துக் கலவைகளையும் தம் போர்க்கலை நூலில் விவரித்தார். ஆளிவிதையும் வெடியுப்பும் ஒரே அகராதியின் இருவேறு பக்கங்களில் இடம்பெற்றவை, எம். புதுப்பட்டியின் தொழில் உலகில் அவை அருகருகே வந்து நிற்கின்றன. நம் ஊர்த் தொழிலின் சொற்களையும் பொருள்களையும் பின்தொடர்ந்து சென்றால், அவை டமாஸ்கஸ், ஃபுஸ்தாத், மாலகா வரை நம்மை இட்டுச் செல்லும்.

பெயரும் சட்டமும்

இவை அனைத்தும் வரலாற்று ஆர்வத்தோடு முடிந்துவிடுவன அல்ல. மார்க்கச் சட்டமும் பெயரின் மீதே நிற்கிறது. ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டது. கத்தானும் பருத்தியும் அனுமதிக்கப்பட்டவை. அலீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் 'கஸ்ஸீ' என்ற துணி தடுக்கப்பட்டுள்ளது. எகிப்தின் கஸ் என்னுமிடத்தில் கத்தானோடு பட்டைக் கலந்து நெய்த துணி அது என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் விளக்குவர். தடைக்குக் காரணம் பட்டே, கத்தான் அன்று. கத்தான் இன்னதென்று அறியாதவர், தடை எதன்மீது வந்தது என்பதில் தடுமாறுவார். அவ்வாறே விளைபொருள் ஜகாத்திலும் காணலாம். நிலத்தில் பயிராக விளையும் அனைத்திலும் பங்குண்டு என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. சேமித்து உண்ணத்தக்க உணவுத் தானியங்களுக்கும் கனிகளுக்கும் மட்டுமே அது உரியது என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நிலை. ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் அருகருகே வாழும் தமிழகத்தில் ஆளி விதைக்கும் உழவர் ஒருவர் வினவினால், விடை மத்ஹபுக்கேற்ப வேறுபடும். பயிர் எது என்று அறிந்த பின்னரே அந்த வேறுபாட்டையும் பேச முடியும்.

எனவே, ஹதீஸ் மொழிபெயர்ப்பிலும் பாடம் நடத்துவதிலும் 'கத்தான்' வரும் இடங்களில் 'கத்தான் எனும் ஆளிநார்த் துணி' என்று எழுதுவதே முறை. சற்று நீளமாயினும் அதில் பொருள் முழுமையாக நிற்கும். மருந்துக் கடையில் விதையாக அறிந்த ஆளியை, அபூஹுரைரா (ரலி) அவர்களின் தோளில் துணியாகவும், ஸஹீஹுல் புகாரியைச் சுமந்த தாளாகவும் வாசகர் அடையாளம் காண்பர். நம் மொழியில் உறுதியான பெயர் கிடைக்காத செடியும் துணியும் இன்னும் பல உள்ளன. அங்கெல்லாம் இஸ்திஃபான் காட்டிய வழியில் மூலப்பெயரை அப்படியே நிறுத்தி, அறிந்தவர் வரும்வரை இடம் விட்டுவைப்பது அமானிதத்துக்கு நெருக்கமானது. தென்னக மலைப்புல்வெளியில் பூக்கும் மஞ்சள் ஆளி ஒன்றைக் காணும் மாணவர், இது கத்தானின் உறவினம், ஆனால் கத்தான் அன்று என்று சொல்லத் தெரிந்துகொண்டாரானால், இப்னுல் பைதாரின் பாடத்தில் ஒரு பக்கத்தையேனும் அவர் படித்துவிட்டார் என்று கொள்ளலாம்.